கேட்டில் கொடுத்த லேஞ்சி

1

நம் தோட்டத்துப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. கொடைக்கானலில் எப்படி இருக்கிறீர்கள், அங்கே எல்லாரும் நம் தமிழ்தானே, பாஷைக் கஷ்டம் இருக்காதே என்று கேட்டிருந்தார்கள். அடுத்த கப்பலுக்குப் பதிந்திருக்கிற குடும்பங்களும் இதைத்தான் கேட்கிறார்களாம்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை போனவன். நீட்டி எழுத ஏலாது. நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கையை விட்டு இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. நான், மீனாச்சி, மகள் விஜயா. நாயுடுபுரத்தில் இரண்டு அறை. குளிர் நம் மலைக் குளிர்தான். தேயிலை இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் மலை பச்சையாக இருக்கும், ஆனால் கொழுந்து எடுக்க ஆள் இருக்காது. அது பழக ஒரு வருடம் ஆனது.

வேலை ரொட்டிக்கடையில். ஒரு பாய் வைத்திருக்கிறார். விடியும்போது சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டி, கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் செண்பகனூர் வரை கொண்டுபோய்ப் போட வேண்டும். முதல் வாரம் தெருவில் “பாண், பாண்” என்று கூவினேன். ஒரு அம்மா கதவைத் திறந்து, “பொகையில வச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு குடுப்பா” என்றார். வெற்றிலைப் பீடா விற்பவன் என்று நினைத்துவிட்டார்.

பாய்க்குக் காதில் விழுந்தது. “யோவ், பிரெட்டுன்னு சொல்லுய்யா. நான் பீடாக்கடை வச்சிட்டேன்னு ஊருக்குள்ள பேச்சாயிரும்” என்றார்.

அன்றே மாற்றிக்கொண்டேன். விற்கிற வார்த்தையை மாற்றுவது கஷ்டம் இல்லை. வீட்டுக்குள் புழங்குகிற வார்த்தையை யாரும் வந்து திருத்த மாட்டார்கள். அது அப்படியே கிடக்கும். அப்படிக் கிடந்த ஒரு வார்த்தையால் வந்த வினை இது.

2

இங்கே விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். பால், காய், பேப்பர், ரொட்டி. மேகம் ரோட்டில் படுத்துக் கிடக்கும். அதற்குள் புகுந்து போக வேண்டும். முகத்தை மூடாமல் போனால் மூக்கு விறைத்துவிடும்.

ஆளாளுக்கு ஒரு விதம். பால்காரர் பெருமாள் குரங்குக் குல்லாய் போட்டு வாய்வரை இழுத்து விடுவார். காய் கொண்டுவரும் போளூர்க்காரர் கம்பளி மப்ளரைத் தலை, காது, வாய் என்று சுற்றிக்கொள்வார். கண் மட்டும் தெரியும். பேப்பர்காரர் ஒன்றும் போடமாட்டார். “மூஞ்சிய மூடிக்கிட்டுப் போக நான் என்ன புதுப்பொண்ணா?” என்பார். அவருக்கு உதடு வெடித்து ரத்தம் கட்டியிருக்கும்.

நான் வாயையும் மூக்கையும் மட்டும் மூடுவேன். மீனாச்சி பழைய சேலையை நாலாக மடித்துத் தைத்துத் தந்த லேஞ்சி. காதை மூட மாட்டேன். மலை ரோட்டில் வளைவுக்கு அப்பால் வருகிற பஸ் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். மேகம் இறங்கிவிட்டால் காது ஒன்றுதான் துணை.

மூக்கை மூடுவது சொகுசுக்கு இல்லை. தோட்டத்து ஃபாக்டரியில் பதினோரு வருடம் தேயிலைத் தூசிக்குள் நின்றவன் நான். உங்களுக்குத் தெரியும். ஈரக் காற்று நேராக உள்ளே போனால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். இறங்கி நின்று இருமினால்தான் திறக்கும்.

அடிபடாமல் இருக்க என்று தலையில் ஒருவரும் எதுவும் போடுவதில்லை. அப்படி ஒரு யோசனையே யாருக்கும் கிடையாது.

3

பெரிய லாட்ஜ் ஒன்று. பெயர் வேண்டாம். ரோட்டில் கேட். கேட்டிலிருந்து கீழே சமையல்கட்டு வரை சிமெண்டுப் பாதை, செங்குத்தாக இரண்டு வளைவு. பாயின் கடையில் அதிகமாக ரொட்டி வாங்குகிற இடம் அதுதான். மேனேஜர் மெட்ராஸ்காரர். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். வேலை, வேலை என்று நிற்பவர். தப்பு என்று பட்டால் அரை நிமிடம் பொறுக்கமாட்டார்.

ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. பெருமாள் அந்தச் சிமெண்டுப் பாதையில் பால் கேனோடு வழுக்கி விழுந்தார். மண்டை உடைந்தது. வெள்ளைப் பாலில் ரத்தம் ஓடியதைத் தங்கியிருந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, காலாற நடந்த ஒரு பெண்பிள்ளை, மேகத்துக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிய வந்த போளூர்க்காரரைப் பார்த்துக் கத்தி மயங்கிவிட்டது.

மறுநாள் கேட்டில் போர்டு தொங்கியது. சைக்கிளில் வருவோர் முகத்தை மூடக் கூடாது. ஹெல்மெட் அணிய வேண்டும். இப்படிக்கு மேனேஜர்.

மூடிய இடத்தைத் திற, திறந்த இடத்தை மூடு. அவ்வளவுதான் சட்டம்.

எனக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது. அங்கே தொரை பங்களாவைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே தலையில் ஏற்று என்றார்கள். இறக்கச் சொன்னாலும் ஏற்றச் சொன்னாலும் தலை நம்முடையது, சொல்கிற வாய் அவர்களுடையது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் மூன்று வாங்கிக் கேட்டில் வைத்தார்கள். வாட்ச்மேன் சவரிமுத்துவுக்குப் புதுச் சோலி. வருகிறவனின் முகத்துணியை வாங்கி ஆணியில் மாட்டுவார். ஹெல்மெட்டைக் கொடுப்பார். திரும்பும்போது ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு துணியைக் கொடுப்பார். செண்பகனூர்க்காரர், என் வயதுதான். ஏழு வருடமாக அந்தக் கேட்டில் நிற்கிறார்.

மூன்று ஹெல்மெட், ஏழு தலை. காலையில் கேட்டில் ஒரே சத்தமாக இருக்கும்.

“ஏலே சவரி, இத நேத்து யாரு போட்டா? எண்ணெ வழியிது.”

“போளூர்க்காரரு.”

“ஐயையோ, அவரு தலையில பேனு பட்டா போட்டுக் குடியிருக்குமே!”

“ஒன் தலையில என்ன மல்லிகைப்பூவா கெடக்கு? மாட்டிட்டு வெரசா எறங்கு பெருமாளு. பின்னால ஆளு நிக்கிது.”

பெருமாள் மறுநாள் முதல் பேப்பரைக் கிழித்து உள்ளே வைத்துப் போட்டார். கழற்றும்போது நெற்றியில் மை ஒட்டியிருக்கும். “என்னய்யா, சினிமாப் பக்கத்தையா வச்ச? நெத்தியில ஒரு நடிகை நிக்கிறா” என்பார் சவரிமுத்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட்டை மாட்டினால் என் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஒரு நாள் இரண்டாம் வளைவில் இறங்குகிறேன். மேகம். மூக்கில் துணி இல்லை, நெஞ்சு இறுகுகிறது. பின்னால் லாட்ஜ் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. முழங்கையில் ஏதோ உரசியது. திரும்பினால் வேனின் கண்ணாடி. சைக்கிளை ஓரத்துச் செடிக்குள் விட்டேன். பெட்டி திறந்து ரொட்டி உருண்டது. டிரைவர் இறங்கி, “காது செவிடாய்யா?” என்றான். ஹெல்மெட் இல்லாதிருந்தால் கேட்டிருக்கும். ஹெல்மெட் இல்லாமல் கல்லில் விழுந்திருந்தால் மண்டை போயிருக்கும். இரண்டும் உண்மை. அவனிடம் எதைச் சொல்வது?

மேலே வந்தேன். சவரிமுத்து என் லேஞ்சியைக் கணப்புச் சட்டிக்கு மேலே பிடித்து வாட்டி வைத்திருந்தார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் செய்தார். அவருக்கு அது வேலை இல்லை.

“பிடிங்க சிலோனண்ணே. இட்லி சூடா இருக்கு, மூஞ்சியில வச்சுக்கங்க” என்பார்.

4

பத்து நாள் இருக்கும். சமையல்கட்டில் ரொட்டியை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்தார். கையில் நோட்டும் பேனாவும். எல்லாவற்றையும் சரிபார்க்கிற நாள் போல.

“கேட்ல வாட்ச்மேன் ஸ்ட்ரிக்டா இருக்கானா?” என்று கேட்டார்.

நல்ல மனிதருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன்.

“ரொம்பக் கண்டிப்புங்க ஐயா. லேஞ்சி வாங்காம ஒருத்தரையும் உள்ளுக்கு விட மாட்டாரு.”

“என்ன வாங்காம?”

“லேஞ்சிங்க.”

பேனா நின்றது.

“உங்கிட்ட மட்டுமா?”

“எல்லாருகிட்டயும்தாங்க. பால்காரரு, காய்க்காரரு. பேப்பர்காரருகிட்ட மட்டும் இல்லீங்க. அவரு ஒரு நாளும் குடுத்ததில்ல.”

“டெய்லி வாங்கறானா?”

“வெள்ளென வந்ததும் கை நீட்டிருவாருங்க. ஒரு நாளும் தப்பாது.”

“கொடுக்க மாட்டேன்னு சொன்னா?”

“சொல்ல ஏலாதுங்களே. ஐயா உத்தரவு, ஐயா சொல்லித்தான் வாங்குறேன்னு சொல்லுவாரு.”

மேனேஜர் முகம் சிவந்தது. குளிரில் எல்லாருக்கும் சிவக்கும் என்று நினைத்தேன்.

“நான் சொன்னேன்னு சொன்னானா?”

“ஆமாங்க.”

“சரி. நீ போ.”

வீட்டுக்கு வந்து மீனாச்சியிடம் சொன்னேன், சவரிமுத்துவைப் பற்றி மேனேஜரிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வந்தேன் என்று. “புண்ணியமாப் போகும்” என்றாள்.

5

மறுநாள் கேட்டில் வேறு ஆள்.

பெருமாள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றார். “சவரிய நேத்து மத்தியானமே சீட்டக் கிழிச்சு அனுப்பிட்டாக. நம்மகிட்ட தெனம் லஞ்சம் வாங்குனானாம். எவனோ மேனேஜருகிட்ட வத்தி வச்சிருக்கான்.”

“லஞ்சமா? நம்மகிட்டயா?”

“அதான் கேக்கேன். ஒரு பீடி வாங்கியிருப்பானா அந்த மனுசன்?”

அப்போது பேப்பர்காரர் வந்தார். அவருக்கு ஹெல்மெட் விஷயத்தில் சவரிமுத்துவோடு ஒரு தடவை வாய்ச்சண்டை வந்திருந்தது. பெருமாள் அவரைப் பார்த்தார். போளூர்க்காரரும் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் அவரோடு பேசவில்லை. அடுத்த நாள் அவர் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. அவர் பேப்பர் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தே போனார்.

எனக்கும் அவர் மேல்தான் சந்தேகம். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று மாலை மீனாச்சியிடம், “லேஞ்சிய எங்க வச்சே? ஈரமா இருக்கு, காயப் போடணும்” என்றேன்.

விஜயா படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வரும்போது பத்து வயது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்துப் பத்தாவது முடித்துவிட்டாள். எங்கள் பேச்சு அவளுக்கு வாயில் இல்லை. ஏலாது என்று நான் சொன்னால், முடியாது என்று திருத்துவாள். கூட்டாளிகள் வந்தால் என்னைப் பேசவிடாமல் அவளே பேசிவிடுவாள்.

“அப்பா, வெளியில லேஞ்சி லேஞ்சின்னு சொல்லாதீங்கப்பா. கர்ச்சீப்னு சொல்லுங்க, இல்ல கைக்குட்டைன்னு சொல்லுங்க. அன்னைக்கு என் ஃப்ரெண்டு வந்தப்ப, அம்மாகிட்ட லேஞ்சி குடுன்னு சொன்னீங்க. வெளிய போயி, ஒங்கப்பா எதுக்குடி ஒங்கம்மாகிட்ட லஞ்சம் கேக்குறாருன்னு சிரிக்கிறா. எனக்கு மானமே போச்சு.”

நான் நின்றேன். சமையல்கட்டில் பேசினது ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. லேஞ்சி வாங்காமல் விடமாட்டார். எல்லாரிடமும். கை நீட்டுவார். ஐயா சொல்லித்தான்.

“என்னப்பா?” என்றாள்.

சொன்னேன். மீனாச்சி கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டாள்.

“நாளைக்கே போய் சொல்லிருங்க. நம்ம வாயால ஒரு குடும்பம் தெருவுல நிக்கிது” என்றாள்.

விஜயா, “இரும்மா” என்றாள். அந்த லாட்ஜில் துணிமணி அறைக்கு ஒரு பெண் வேண்டும், அடுத்த மாதம் முதல் வா என்று மேனேஜர் அவளுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஆள் சொன்னால் செய்கிறவர். “அப்பா போய், நீங்க தப்பாக் கேட்டுட்டீங்கன்னு அவருகிட்ட சொல்லணும். அவரு அதப் பொறுப்பாரா? என் வேலைய விடுங்க. ஒங்க ரொட்டி ஆர்டரு? பாய் என்ன சொல்லுவாரு?”

“நான் தப்பாச் சொன்னேன்னு சொல்றேன்.”

“நீங்க தப்பாச் சொல்லலயே. சரியாத்தான் சொன்னீங்க. அதான் பிரச்சினை.”

அன்று நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. புது வாட்ச்மேனிடம் லேஞ்சியைக் கொடுத்து, ஹெல்மெட்டை மாட்டி, இறங்கி, ஏறினேன். அவன் துணியை நனைந்தபடியே திருப்பிக் கொடுத்தான். மேனேஜர் எதிரே வந்தார். “இப்ப யாரும் ஒண்ணும் வாங்கறதில்லையே?” என்று கேட்டார். இருமல் வந்தது. இருமிக்கொண்டே கடந்துவிட்டேன். இரண்டு நாள் சும்மா இருந்தேன். என் கணக்கில் அது நிற்கிறது.

6

மூன்றாம் நாள் செண்பகனூர்க் கடைகளுக்குப் போட்டுவிட்டுச் சவரிமுத்து வீட்டைக் கேட்டுப் போனேன். சர்ச்சுக்குக் கீழே ஓட்டு வீடு. வாசலில் அவர் மனைவி ஆரோக்கியம் உருளைக்கிழங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கூலி வேலை, மூட்டைக்கு இவ்வளவு என்று. சவரிமுத்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போட்டுப் போகிற காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.

“வாங்க சிலோனண்ணே” என்றார். எழுந்திருக்கவில்லை.

நான் பேசுவதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார். “நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. நீங்களும் குடுத்தவருதானே? எம்புட்டுக் குடுத்தீங்கன்னு சொல்லுங்க. நான் வையல, அடிக்கல. வாங்குனது வாங்கிட்டான். அந்தக் காசு எங்க போச்சு? என் கையில ஒரு நாளு தரலையே! எந்தச் சிறுக்கி வீட்டுல குடுத்தான்னு அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“நாலு நாளா இதேதான்” என்றார் சவரிமுத்து. “வேல போனதுக்கு அழுகல. காசு எங்கன்னுதான் அழுகுறா. இல்லாத காசுக்கு நான் எங்க போவேன்?”

சைக்கிள் கைப்பிடியை விடாமலே சொல்லி முடித்தேன். நான்தான் சொன்னேன் என்றேன். லேஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் இது என்று எடுத்துக் காட்டினேன்.

அவர் எழுந்து வந்தார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“ஏலே, மூக்குத் தொடைக்கிற துணிக்கு இந்தப் பேராலே? இதத்தானே நான் தெனம் நெருப்புல காட்டிக் குடுத்தேன்? ஏழு வருசச் சோலிலே. ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியேலே!”

அதுவரை என்னை ஒருமையில் பேசாதவர். சைக்கிள் சாய்ந்தது. பெட்டி தரையில் மோதியது. நான் தடுக்கவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

ஆரோக்கியம் இடையில் வந்தார். கை மண்ணாக இருந்தது. “விடு, விடு சொல்றேன். அப்ப காசே வாங்கலையா நீ?”

“அதத்தானேடி நாலு நாளா சொல்றேன்!”

அந்த அம்மா அப்படியே உருளைக்கிழங்கின் மேல் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். அது சிரிப்பு இல்லை.

சவரிமுத்து சட்டையை விட்டார். “மேனேஜருகிட்ட சொல்லுவியா?” என்றார்.

“இப்பவே போறேன்.”

7

மேனேஜர் நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். லேஞ்சியை மேஜை மேல் வைத்தேன். அவர் தொடவில்லை.

“இப்ப வந்து இப்படிச் சொல்றே. அவன் உனக்கு என்ன கொடுத்தான்?” என்றார்.

“ஒண்ணும் குடுக்கலீங்க ஐயா.”

“வாயால சொன்னா நான் எப்படி நம்பறது? எழுத்துல கொடு. என்ன சொன்னே, என்ன அர்த்தம், எல்லாம். கையெழுத்துப் போட்டு.”

காகிதம் என்றால் எனக்குப் பயம். கப்பலில் வந்து இறங்கியபோது முகாமில் ஒரு குமாஸ்தா என் தகப்பன் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அதைத் திருத்த நாலு வருடம் அலைந்தேன். இப்போதும் ஒரு அட்டையில் நான் ஒருவருக்கு மகன், இன்னொரு அட்டையில் வேறு ஒருவருக்கு மகன். காகிதத்தில் ஏறியது லேசில் இறங்காது.

என் எழுத்தில் கொடுத்தால் அவர் வாசிக்கமாட்டார். விஜயாவிடம் போய் நின்றேன். எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வேலையை அவள் கையாலேயே கெடுக்கச் சொல்வது. விஷயத்தை மட்டும் சொன்னேன்.

அவள் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தாள்.

“சொல்லுங்க.”

“என் தவறு என்று எழுது.”

“அது பொய். லேஞ்சி என்றால் இலங்கைத் தோட்டங்களில் கைக்குட்டை. என் தகப்பனார் அந்த அர்த்தத்தில் சொன்னார். தாங்கள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டீர்கள். இது போதும்.”

“தாங்கள் என்று வராமல் எழுத ஏலாதா?”

“ஏலாது” என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை வந்து பல வருடம் ஆகிறது. அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

அவள் கூட்டெழுத்து எனக்கு வாசிக்க வராது. அடியில் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை கடைசி வரியில் நின்றார்.

“இந்தக் கடைசி வரி யார் சொன்னது? நீ சொல்லித்தான் எழுதினாளா?”

“எல்லாம் நான் சொன்னதுதாங்க ஐயா” என்றேன். பொறுப்பு அவள் மேல் வரக்கூடாது என்று.

என்னை நீண்ட நேரம் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“வாட்ச்மேனை நாளைக்கு டியூட்டிக்கு வரச் சொல்லு. பிரெட் நாளைலேருந்து வேண்டாம். உங்க பாய்கிட்ட சொல்லிடு.”

பாயிடம் சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடி கேட்டார். “போவட்டும். ஆனா யோவ், இனிமே எந்த மொதலாளிகிட்டயாவது என்னயப் பத்தி நல்லபடியாச் சொல்லிராத. கையெடுத்துக் கும்புடுறேன்” என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை.

பேப்பர்காரரை ஏரிக்கரையில் நிறுத்திச் சொன்னேன். “டயர்க் காத்துதானே சிலோனண்ணே, அடிச்சுக்கிடலாம்” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “நீங்களும் என்னயத்தான் நெனச்சீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் போய்விட்டார்.

சவரிமுத்து கேட்டுக்கு வந்துவிட்டார். பெருமாள் சொல்லித் தெரியும், இப்போது அவர் யார் கையிலிருந்தும் எதையும் வாங்குவதில்லை. ஆணியைக் காட்டுகிறார். அவரவர் துணியை அவரவரே மாட்டிக்கொள்ள வேண்டும். பெருமாள் மண்டையில் தையல் போட்ட இடம் குளிரில் வலிக்கிறதாம். சொந்தமாக ஒரு பழைய ஹெல்மெட் வாங்கி, செண்பகனூர் இறக்கத்திலும் போட்டுக்கொண்டு போகிறார். ஊர் சிரிக்கிறது. அவர் கவலைப்படவில்லை. நான் இன்னும் வெறுந்தலைதான். எனக்கு மண்டை பயத்தைவிட மூச்சு பயம் பெரிது, காதும் வேண்டும். இது சரியா என்று கேட்டால் தெரியாது. விழுகிற அன்றைக்குத் தெரியும்.

மேனேஜரிடமிருந்து விஜயாவுக்கு ஆள் வரவில்லை. ஒரு மாதம் ஆனது. வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று சாயந்தரம் அவளிடம் சொன்னேன்.

“என்னாலதான். அவருகிட்ட ஒன்னயப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலம்மா.”

“கேட்டாலும் குடுத்திருக்க மாட்டாருப்பா.”

“ஏன்?”

“கடைசி வரியில எழுதியிருந்தேனே. சவரிமுத்துவைத் திரும்ப எடுக்காவிட்டால், எனக்குச் சொன்ன வேலைக்கும் நான் வரமாட்டேன்னு.”

எல்லாம் நான் சொன்னதுதான் என்று அவரிடம் நின்று சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?”

யோசித்தேன்.

“மாட்டேன்” என்றேன்.

அவள் எழுந்து விளக்கை ஏற்றப் போனாள்.